வேறிடத்தில் சிகிச்சை பெறுகிறார்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், பாப்பா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? மூட்டு வலிக்குக் கொடுத்த புது மாத்திரை ஏதாவது கேட்கிறதா?

போன வியாழக்கிழமை பரிசோதனை வண்டியோடு வந்து எங்கள் சலவைக்கூடத்தில் பேசிவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து இங்கே என் கால் தரையில் பாவவில்லை. "மைக்கைப் பிடிச்சு அந்தப் போடு போட்டாங்களே, அவங்க உன் சொந்த அக்காவா?" என்று இஸ்திரிப் பிரிவு முழுக்க ஒவ்வொருத்தியாக வந்து கேட்கிறாள். ஆமாம்டி, ஒரே வயிற்றில் பிறந்தவள்தான், அறிவெல்லாம் அவளுக்கே போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மார்புப் புற்றுநோய் என்று நீ வாய்விட்டுச் சொன்னதும் முன்வரிசையில் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்களே, அவர்களே மறுநாள் முதல் ஆளாக வரிசையில் நின்றார்கள்.

நானும் நின்றேன். உனக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் நீ கிளம்பின பிறகு மறுநாள் போனேன். இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, பட்டாணி அளவுக்கு ஒன்று இருக்கிறது. நாலைந்து மாதமாக இருக்கிறது. வலி கிடையாது, அதனால் கொழுப்புக்கட்டி என்று விட்டிருந்தேன். நீ மேடையில் "வலிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க. ஆரம்பத்துல அது பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது" என்றாயே, அன்று ராத்திரியே மறுபடி தடவிப் பார்த்தேன். என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கும் நெட்டையையும் இழுத்துக்கொண்டு போய் வண்டியில் மார்பு எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டோம்.

ரிசல்ட்டுக்கு முகவரி கேட்டார்கள். உன் அலுவலக முகவரியைக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என் வீட்டுக்காரர்தான் லைட் பில்லைக்கூட வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பவர் ஆயிற்றே. நம் அத்தையும் பெரியம்மா மகளும்கூட உன் முகவரியைத்தான் கொடுத்தார்களாம். நம் குடும்பத்துப் பெண்களுக்கெல்லாம் உன் மேசைதான் தபால் பெட்டி. வந்ததும் பிரித்துப் பார்த்துச் சொல்.

உன் தங்கை

பிப்ரவரி 22

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் பார்த்து முதலில் கோபம் வந்தது. நாலைந்து மாதமாகக் கட்டியை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருந்திருக்கிறாயே, உன்னை என்ன செய்வது? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேன், என் வீட்டுக் கழுதைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். போகட்டும், இப்போதாவது போனாயே.

பயப்படாதே. இப்படி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவைதான். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை. டாக்டர் படத்தைப் பார்த்து எழுதித் தர மூன்று வாரம் ஆகும். எல்லாக் கடிதமும் என் மேசை வழியாகத்தான் போகும். நான்தான் முகவரி எழுதி ஒட்டி, பதிவேட்டில் பதிந்து அனுப்புகிறேன். மறுபடி வரச்சொல்லியும் வராதவர்களுக்கு மாதம் ஒரு நினைவூட்டல் போடுவோம். அதற்கும் வரவில்லை என்றால் நர்ஸம்மாவே வீட்டுக்குப் போய்விடுவார். எங்களிடமிருந்து யாரும் தப்ப முடியாது!

இன்னொரு சேதி. பாப்பாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறான். நல்ல பையன், ஏற்கெனவே இரண்டு பேரும் பேசிப் பிடித்துப்போய்த்தான் எங்களிடம் வந்திருக்கிறார்கள். அவன் அம்மா மட்டும் அளந்து அளந்து பேசுகிறவர். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்றே பிடிபடவில்லை. மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு வரன்கள் கைநழுவிப் போன பிறகு எனக்கு இதுவாவது அமைய வேண்டும் என்று அடித்துக்கொள்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். கல்யாணம் நிச்சயம் என்று அத்தான் மானேஜர் அறைக்குப் போன் பண்ணிச் சொன்னார். சந்தோஷத்தில் நான் கத்தின கத்தலில் மானேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பாப்பாவுக்கு என் முத்தம். நீ ஏன் பேசவில்லை? பக்கத்தில்தான் இருந்தாய் என்று அத்தான் சொன்னார்.

இங்கே ஒரு கலவரம் நடந்து முடிந்தது. நெட்டைக்கு மறுபரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. ஈரத் துணி வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அழுகை. "போனாத்தானேடி தெரியும்? போகாம இருந்தா இல்லாமப் போயிடுமா?" என்று உன் வசனத்தையே எடுத்துவிட்டு, அரைநாள் லீவு போட்டு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போட்டு இழுத்தார்கள், வெறும் நீர்க்கட்டி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துக் கண்டக்டரே பயந்துவிட்டான்.

அவளும் நானும் ஒரே நாளில்தானே படம் எடுத்தோம்? அவளுடையது வந்து பத்து நாளாகிறது. என்னுடையது எங்கே? கல்யாண அவசரத்தில் உன் மேசையில் ஏதாவது காகிதத்துக்கு அடியில் கிடக்கிறதா பார். ஒரு வரி போதும்.

உன் தங்கை

ஏப்ரல் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆசிகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கல்யாணம் மே பதினெட்டு. மண்டபம் கிடைக்காமல் அத்தான் நாய் படாத பாடு பட்டு, கடைசியில் ரயில்வே குடியிருப்புக்கு எதிரில் ஒன்று பிடித்தார். கூரை நன்றாக இருக்கிறது, கழிப்பறை சுமார். அழைப்பிதழில் அச்சுக்காரன் பையன் பெயரைத் தப்பாகப் போட்டு, மறுபடி அடித்தோம். நாற்காலி, விளக்கு, போட்டோக்காரர் எல்லாவற்றுக்கும் நான்தான் அலைகிறேன். அலுவலகத்திலும் ஆள் குறைவு. ராத்திரி படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

உன் விஷயம் என் கையில் இருக்கிறது. நீ நிம்மதியாக இரு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாரமான மூட்டையெல்லாம் தூக்காதே. நெட்டையைத் தூக்கச் சொல். இடது தோளில் வலி ஏதும் இருக்கிறதா? வேளாவேளைக்குச் சாப்பிடு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. நீ பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு யானை பலம்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 16

என் செல்ல அக்காவுக்கு,

சௌக்கியம், சௌக்கியம், ரொம்ப சௌக்கியம்! உன் கடிதம் படித்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. வெளியில் சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, இந்த இரண்டு மாதமும் குளிக்கப் போனால் கை தானாக அங்கேதான் போகும். ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுதக்கூட நேரமில்லாமல் நாற்காலியையும் கழிப்பறையையும் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய் பார், அதுதான் என் அக்கா. பரவாயில்லை. நிம்மதியாக இரு என்று நீ சொன்னால் எனக்கு டாக்டர் சொன்ன மாதிரி.

நெட்டையிடம் சொன்னேன். இஸ்திரிப் பிரிவு முழுக்க பன் வாங்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரரிடமும் இப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். "ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்று ஒரு நாள் பேசாமல் இருந்தார். மறுநாள் அவரே தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். தெரிந்த விஷயம்தானே.

கட்டி அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் பெரிதானது மாதிரி தோன்றுகிறது, என் பிரமையாக இருக்கும். அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்றுமில்லை என்றுதான் ஆகிவிட்டதே.

கல்யாணத்தில் நான் போடப்போகும் ஆட்டத்துக்கு இப்போதே இடம் ஒதுக்கி வை.

உன் தங்கை

மே 5

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆசிகள். நலமா? அவசரத்தில் எழுதுகிறேன்.

வலி இருந்தால் மட்டும் உடனே எழுது. கல்யாணத்துக்கு வரும்போது இந்தப் பரிசோதனை, கட்டி இதையெல்லாம் யாரிடமும் பேச வேண்டாம். உன் வீட்டுக்காரரிடமும் சொல்லி வை, அவர் வாய் சும்மா இருக்காது. சம்பந்தி வீட்டார் நாலு பேர் வரும் இடம், எதற்கு வீண் பேச்சு?

மற்றவை நேரில்.

அக்கா

ஜூன் 13

அக்காவுக்கு,

நேற்று பரிசோதனை வண்டி மறுபடி எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்தது. உனக்கு விடுமுறை என்றார்கள். அதே நர்ஸம்மா வந்தார். நான் ஆவி இஸ்திரி மெஷினில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சு இவ்வளவு சீக்கிரம் வேலைக்கே வந்துட்டீங்களா? பரவாயில்லையே!" என்றார்.

மெஷின் சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, அதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "யாருக்கு ஆபரேஷன்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். என் பெயர். மார்ச் 1. "சந்தேகத்துக்குரிய கட்டி. மறுபரிசோதனைக்கு உடனே வர வேண்டும்." அதற்குப் பக்கத்தில், மார்ச் 3 என்று தேதி போட்டு, வேறு கையெழுத்தில் ஒரு வரி: "வேறிடத்தில் சிகிச்சை பெறுகிறார்."

அந்த வரி இருந்ததால்தான் எனக்கு நினைவூட்டல் எதுவும் போகவில்லையாம். நர்ஸம்மா வீட்டுக்கு வராததும் அதனால்தானாம். பாவம், அவர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "உங்க அக்காவே எழுதியிருக்காங்களேன்னு நாங்க யாரும் கேக்கல" என்றார்.

அது யார் கையெழுத்து என்று அவர் சொல்லவே வேண்டாம். எனக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்த கை அது. 'று'வுக்கு நீ போடும் அந்த நீளச் சுழியைத்தான் நானும் இன்றுவரை போடுகிறேன்.

அக்கா, ஏதோ தப்பு நடந்துவிட்டது, வேறு யாருக்கோ எழுத வேண்டியதை உன் பெயரில் எழுதிவிட்டேன் என்று எழுது. நான் நம்பிவிடுகிறேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அதற்குள் எழுது.

உன் தங்கை

ஜூன் 17

என் கண்ணே,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதம் வந்த நேரத்திலிருந்து நான் நானாக இல்லை.

தப்பு நடக்கவில்லை. நான்தான் எழுதினேன். ஆனால் எதற்காக என்று நீ புரிந்துகொள்ள வேண்டும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே மனசு தாங்காது. அம்மா போனபோது மூன்று மாதம் நீ எப்படிக் கிடந்தாய் என்று எனக்குத்தானே தெரியும்? கடிதத்தில் வெறும் "சந்தேகம்" என்றுதான் இருந்தது. சந்தேகத்துக்காக உன் நிம்மதியைக் கெடுத்து, கல்யாணத்தையும் அழுகையாக்க வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் நானே உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். உனக்காகத்தான் செய்தேன், தங்கம்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? உடனே எழுது. நான் கிளம்பி வரட்டுமா?

உன் அக்கா

ஜூலை 7

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பாய்.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். பட்டாணியாக இருந்தது இப்போது நெல்லிக்காய் அளவு. அக்குளில் இருக்கும் முடிச்சுகளுக்கும் போய்விட்டது. பதினைந்தாம் தேதி இடது மார்பை முழுதாக எடுக்கிறார்கள். பிறகு மருந்து ஏற்றுவார்கள், முடி கொட்டும், ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது.

டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மார்ச்லயே வந்திருந்தா?" அவர் நல்ல மனிதர், கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. கட்டியை மட்டும் எடுத்துட்டு விட்டிருக்கலாம். ஒருவேளை முடிச்சுக்குப் போயிருக்காது. ஒருவேளைதான்" என்றார். இந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? போயிருக்காது என்று அடித்துச் சொல்லியிருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். மார்ச்சிலேயே போயிருக்கும் என்று சொல்லியிருந்தாலும் ஏதோ சமாதானம் ஆகியிருப்பேன்.

எனக்காகச் செய்தாயா? நாக்கு கூசவில்லையா உனக்கு? கல்யாணம் மே பதினெட்டாம் தேதி முடிந்தது. நர்ஸம்மா வந்தது ஜூன் பன்னிரண்டு. நடுவில் மூன்றரை வாரம் என் கையைப் பிடிக்க ஏன் நீ வரவில்லை? புதுமணத் தம்பதி விருந்துக்குப் போய்வரும் வரைக்கும் பொறுத்தாயா? மொத்தம் பதினாலு வாரம். மேடையில் நின்று "ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீங்க" என்று இருநூறு பெண்களிடம் கத்தினவள் நீ. வலி ஒரு கணக்கே இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நீதான். பிறகு கடிதத்துக்குக் கடிதம் "வலி இருக்கா, வலி இருக்கா" என்று எதற்குக் கேட்டாய்? என் வலியை வைத்து உன் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாய்.

கல்யாணத்தில் நான் ஆடினேன் அக்கா. உன் கண்ணெதிரில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினேன். நீ கைதட்டிக்கொண்டிருந்தாய்.

மனசு தாங்காது, அம்மா போனபோது அப்படி, இந்தச் சப்பைக்கட்டெல்லாம் எனக்கு வேண்டாம். உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

தங்கை

ஜூலை 29

சின்னவளுக்கு,

பதினாறாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு வாசலில் நெட்டை நின்றிருந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உள்ளே விட வேண்டாம்னு சொல்லியிருக்கா" என்றாள். கதவு இடுக்கு வழியாக உன் கால் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

உண்மையைக் கேட்டாய்.

உன் கடிதம் மார்ச் ஒன்று, சனிக்கிழமை என் மேசைக்கு வந்தது. படித்தேன். உடனே உனக்குப் போன் பண்ண வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, சத்தியமாக. மறுநாள் அவர்கள் வருகிறார்களே, ஒரு நாள்தானே, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று கைப்பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது பையனின் அம்மா என்னைத் தனியாக உள்ளறைக்குக் கூப்பிட்டார். "ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்கக் கூடாது. உங்க பக்கம் யாருக்காவது பெரிய வியாதி ஏதாவது உண்டுங்களா?" என்று கேட்டார். உன் கடிதம் இருந்த பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொன்னேன்: "எங்க வம்சத்துலயே கிடையாதுங்க."

அப்படிச் சொன்ன பிறகு உன்னை எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன்? நீ போனால் ஒரே வாரத்தில் உன் வீட்டுக்காரர் வாயால் ஊருக்குத் தெரியும். கல்யாணம் நின்றுவிடும், பாப்பாவை இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று பயந்தேன். திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்து அந்த வரியை எழுதினேன். என் மகளுக்காக உன்னைக் கொடுத்தேன். இதை எழுதியாகிவிட்டது, இனி அழிக்கமாட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்தார். பாப்பா அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "நானும் ஒரு பக்கம் எடுத்தவதான். பதினோரு வருஷமாச்சு. பொண்ணைக் கொடுக்கறவங்ககிட்ட மறைக்கக் கூடாது, சொல்லிடணும்னுதான் அன்னிக்குப் பேச்சை எடுத்தேன். நீங்க வம்சத்துலயே இல்லைன்னு அப்படி அடிச்சுச் சொன்னீங்க. சொன்னா எங்க சம்பந்தத்தை விட்டுடுவீங்களோன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

சின்னவளே, அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் போதும். அவர்கள் வீட்டில் ஒருத்தரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலையை விட்டுவிடப் போகிறேன். எந்த முகத்தோடு இனி மைக் பிடிப்பேன்?

அக்கா

ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

முதல் மருந்து ஏற்றிவிட்டார்கள். எதைச் சாப்பிட்டாலும் இரும்புக் கரண்டியை நக்கின மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கிறார். முன்பெல்லாம் எரிச்சலாக வரும். நாம் எந்த மனிதருக்குப் பயந்து கடிதத்தை மறைத்தோமோ, அவர்தான் இப்போது எனக்குச் சட்டை மாட்டிவிடுகிறார். முகவரி மாற்றிக் கொடுத்தது என் தப்பு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மா கதையைப் படித்து எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. ஒன்றுமே இல்லாத ஒரு பயத்துக்கு நான் ஒரு மார்பைக் கொடுத்திருக்கிறேன்.

வேலையை விடப் போகிறாயா? நன்றாக இருக்கிறது. தப்பையும் செய்துவிட்டு ஓடியும் போவாயா? விடக் கூடாது. உன் பேச்சைக் கேட்டுத்தான் நான் பரிசோதனைக்குப் போனேன். நெட்டை போனாள், இங்கே எழுபது பேர் போனார்கள். அது பொய் இல்லை. மேடையில் ஏறு. ஏறி, உன் கதையைச் சொல். "என் சொந்தத் தங்கச்சியோட கடிதத்தைப் பதினாலு வாரம் மறைச்சு வெச்சவ நான். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சிடும்னு பயந்து அப்படிப் பண்ணினேன்" என்று உன் வாயால் சொல். ஆயிரம் நோட்டீஸ் செய்யாததை அந்த இரண்டு வரி செய்யும். எத்தனை வீட்டு அலமாரியில் எத்தனை கடிதம் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

என்றைக்குச் சொல்கிறாய் என்று தெரிவி. எந்த நிலையில் இருந்தாலும் வந்து முன்னால் உட்காருவேன். நீ சொல்லிவிட்டால், அன்றைக்கே உன்னோடு உன் வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன்.

தங்கை

செப்டம்பர் 21

அக்காவுக்கு,

கூட்டத்தின் நோட்டீஸை உறையில் போட்டு அனுப்பியிருந்தாய். உன் கையால் ஒரு வார்த்தைகூட இல்லை. தேதிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாய். சரி, பேச வேண்டியதை மேடையில் பேசப்போகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் வேண்டாம் என்றார். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, நெட்டையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அந்தப் பள்ளிக்கூட ஹாலில் முன்வரிசையெல்லாம் நிரம்பிவிட்டது, அதனால் நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம். நீ என்னைப் பார்த்தாய். பார்த்த உடனே குனிந்து மைக் ஒயரைச் சரிசெய்தாய்.

நன்றாகப் பேசினாய். குளிக்கும்போது எப்படித் தடவிப் பார்க்க வேண்டும், தோல் குழிந்தால், காம்பு உள்ளே இழுத்தால், கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாய். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாய். நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி இருந்தாங்க..." என்றாய்.

எல்லாவற்றையும் சொன்னாய் அக்கா. கைப்பையில் இருந்த கடிதம், உள்ளறையில் கேட்ட கேள்வி, பதிவேட்டில் எழுதின வரி, கதவு இடுக்கில் தெரிந்த கால். அழுதாய். ஹாலே அழுதது. அந்த அக்கா யார் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வீடு எங்கோ இருக்கிறது, அவர்கள் யாரோ.

என் பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "கூடப் பிறந்தவளுக்கே இப்படிப் பண்ணியிருக்காளே. அப்படியும் ஒருத்தி இருப்பாளாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கா. அதோ மேடையில நிக்கறா" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தார். என் தலைத்துணியைப் பார்த்தார். நீ அப்போது கைதட்டலுக்குத் தலைகுனிந்து வணங்கிக்கொண்டிருந்தாய். அந்த அம்மாள் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

சாப்பிட உன் வீட்டுக்கு நான் வரவில்லை. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பாப்பா வீட்டுக்குப் போனேன். டாக்டர் என் ரத்த சொந்தங்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உனக்கான சீட்டு இந்த உறையில் இருக்கிறது, போய்விட்டு வா. பாப்பாவின் சீட்டை நானே அவள் கையில் கொடுத்தேன். சம்பந்தியம்மாவும் பக்கத்தில் இருந்தார், அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

உன்னிடம் கொடுத்தால் அது அவளுக்குப் போய்ச் சேராது.

தங்கை